திறந்து பார்த்தால் படம் தேயாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களைச் செல்போனில் படம் பிடித்துக் காப்பாற்றுவது பற்றிச் சென்ற வாரம் இந்தப் பகுதியில் வந்த வாசகர் கடிதத்தைப் படித்தோம். நோக்கம் நல்லது. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முன் எழுதப்பட்ட, சங்கு முத்திரையும் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டு) போட்ட தாள்கள் இந்தப் பக்கத்து டிரங்குப் பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன. கரையான் முந்திக்கொள்வதற்குள் படமாவது மிஞ்சட்டும்.

ஆனால் அந்தக் கடிதத்தில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஜேபெக் படத்தை (போன் வழக்கமாகச் சுருக்கிச் சேமிக்கும் .jpg கோப்பை) ஒவ்வொரு முறை திறந்து பார்க்கும்போதும் தரம் குறையும் என்பது ஒன்று. வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவில் போட்டுவைத்தால் படம் என்றைக்கும் அப்படியே இருக்கும் என்பது மற்றொன்று. முதலாவது வீண் பயம், யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டாவதை நம்பினால் சர்வே எண்ணே போய்விடும்.

திறப்பது, பெரிதாக்கிப் பார்ப்பது, பென்டிரைவில் நகல் எடுப்பது, மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவது, இவை எதிலும் கோப்பில் ஒரு பிட்கூட மாறாது. படம் தேய்வது ‘சேமி’ என்று அழுத்தும்போது. அப்போதுதான் மென்பொருள் படத்தை மறுபடி சுருக்கி எழுதுகிறது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று அது எப்படித் தீர்மானிக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

ஜேபெக் 1992-ல் தரநிலையாக வந்தது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவரோடு டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர் 1974-ல் வெளியிட்ட ஒரு கணக்குதான் அதற்கு முதுகெலும்பு. சிவப்பு, பச்சை, நீலம் என்று இருக்கும் படத்தை முதலில் வெளிச்சம் ஒன்று, நிற வேறுபாடு இரண்டு என்று பிரித்துக்கொள்ளும். நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பிடிக்கும். நிறத்தில் அவ்வளவு கூர்மை கிடையாது. அந்தத் தைரியத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நான்கு பிக்சலுக்கும் (படப் புள்ளிக்கும்) சேர்த்து ஒரே நிறம் போதும் என்று சராசரி எடுத்துவிடும். நான்கு பிக்சலுக்கு 12 எண்கள் இருந்த இடத்தில் இப்போது 6. பாதிச் சரக்கு இந்த வாசலிலேயே இறங்கிவிட்டது.

அடுத்து, படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 மதிப்புகளை அந்த 1974 கணக்கின்படி வேறு 64 எண்களாக மாற்றும். முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரியைச் சொல்லும். மீதி 63-ம், கட்டத்துக்குள் வெளிச்சம் மெதுவாக மாறுகிறதா, பொடிப்பொடியாக மாறுகிறதா, எது எவ்வளவு என்று சொல்பவை. இந்த மாற்றத்தால் பெரிய நஷ்டம் இல்லை. கத்தி விழுவது இதற்குப் பிறகு. ஒவ்வொரு எண்ணையும் ஓர் அட்டவணையில் உள்ள எண்ணால் வகுத்து, பக்கத்து முழு எண்ணாக்கிவிடும். தரநிலை ஆவணம் உதாரணமாகக் கொடுக்கும் வெளிச்ச அட்டவணையில் முதல் எண் 16, கடைசி எண் 99. கட்டத்தின் முதல் எண் 83 என்றால், 16-ஆல் வகுக்க 5.19 வரும், எழுதிவைப்பது 5, விரிக்கும்போது திரும்ப வருவது 80. இந்த மூன்று குறைந்ததைக் கண் கண்டுபிடிக்காது. கடைசி மூலையில் 40 இருந்தால் 99-ஆல் வகுக்க 0.4; எழுதிவைப்பது 0; திரும்ப வருவதும் 0. அந்த நுணுக்கம் போனது போனதுதான். இதற்கப்புறம் நடக்கும் பொட்டலம் கட்டும் வேலையில் எதுவும் தொலைவதில்லை.

பல மென்பொருட்களில் ‘தரம் 50’ என்பது அந்த உதாரண அட்டவணையே. 75 என்று வைத்தால் வகுக்கும் எண்கள் பாதியாகும், 90 என்றால் ஐந்தில் ஒன்றாகும், 25 என்றால் இரட்டிப்பாகும். ஆக, 90 என்றால் படத்தில் 90 சதவீதம் மிஞ்சியது என்று பொருள் இல்லை. போட்டோஷாப்பின் 0 முதல் 12 வரையுள்ள அளவுகோல் வேறு கணக்கு. ஒன்றின் எண்ணை மற்றதில் போட்டுப் பார்ப்பது கிலோவையும் மரக்காலையும் ஒப்பிடுவது போல. 100 வைத்தாலும் முழு எண்ணாக்குவதால் சிறு இழப்பு உண்டு.

இப்போது அந்த வாசகரின் பயத்துக்கு வருவோம். ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து, எதுவும் மாற்றாமல், அதே மென்பொருளில் அதே தரத்தில் மறுபடி சேமித்தால்கூடப் பெரிதாகத் தேயாது. எண்கள் ஏற்கெனவே அட்டவணையின் மடங்குகளாக இருப்பதால் மறுபடி வகுத்தாலும் அதே விடைதான். கெடுப்பது வேறு. இடப்பக்க ஓரத்தில் ஐந்து பிக்சலை வெட்டினால் போதும், 8-க்கு 8 கட்டங்கள் அத்தனையும் இடம் நகர்ந்துவிடும். பழைய கட்டத்தின் எல்லைக் கோடு புதிய கட்டத்தின் நடுவில் வந்து விழும்; அதையும் படத்தின் நுணுக்கம் என்று நினைத்து மென்பொருள் இடம் ஒதுக்கும்; உண்மையான நுணுக்கத்துக்கு அந்த அளவு இடம் குறையும். அளவைச் சிறிதாக்குவது, வெளிச்சத்தைக் கூட்டுவது, தரத்தை மாற்றுவது எல்லாம் இதே கதைதான். படம் கைமாறக் கைமாறத் தேய்கிறது என்று ஜனங்கள் சொல்வது பொய்யல்ல; ஒவ்வொரு கையும் கொஞ்சம் வெட்டிச் சேமிக்கிறது.

இழப்பில்லாமல் வெட்டவும் வழி இருக்கிறது. இர்ஃபான்வியூ போன்ற மென்பொருட்களில், ஜேபெக்கைப் பிரித்து எழுதாமல் கட்டங்களின் எல்லையிலேயே வெட்டும் வசதி உண்டு. நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம் என்று சுருக்கிய படத்தில் உண்மையான எல்லை 16 பிக்சலுக்கு ஒருமுறைதான் வரும். 4000-க்கு 3000 பிக்சல் படத்தில் 4000 பதினாறால் சரியாக வகுபடும், 3000 வகுபடாது. 8 பிக்சல் மிச்சம். இழப்பில்லாமல் திருப்பச் சொன்னால் சில மென்பொருள் ‘ஓரத்தை நறுக்கட்டுமா’ என்று கேட்பது இதனால்தான். தாராளமாக ஆம் சொல்லலாம்.

குற்றாலத்துச் சாரல் படங்களுக்கு இந்த அளவு கவலை வேண்டியதில்லை. அருவி நுரையும் தென்காசிக் கோபுரத்தின் ஒன்பது நிலைச் சுதைகளும் பொடி நுணுக்கம் நிறைந்தவை. அதே தரத்தில் சேமித்தாலும் அவற்றின் கோப்பு வெறும் வானப் படத்தைவிடப் பெரிதாகும், கேபி (கோப்பின் அளவு) வரம்புக்குள் அடக்கினால் முதலில் குழையும். குழைந்தாலும் நுரை நுரையாகத்தான் தெரியும். ஆரியங்காவு தாண்டிப் பதிமூன்று கண் பாலத்தை வானம் பின்னணியில் எடுத்தால் கல் விளிம்பைச் சுற்றி ஈ மொய்த்தாற்போல் கறை தெரியும். மங்கிய வானத்தில் படிப்படியாகக் கோடு விழும். அசிங்கம்தான். யாருக்கும் சொத்து நஷ்டம் இல்லை.

பத்திரத்தில் அப்படி இல்லை. வெள்ளையில் கறுப்பாக மெல்லிய கோடு என்பது இந்த முறைக்கு மிகவும் ஒவ்வாத சரக்கு. கூர்மையான விளிம்பைச் சொல்ல அந்த 63 எண்களில் பெரும்பாலானவை வேண்டும். சிறியவற்றைப் பூஜ்யமாக்கியதும் எழுத்தைச் சுற்றி நிழல் அலைகள் கிளம்பும். அந்த அலையும் மெய்யெழுத்தின் புள்ளியும் ஏறக்குறைய ஒரே பருமன். எது புள்ளி, எது கறை என்று பிறகு யாரும் சத்தியம் செய்ய முடியாது. மங்கிப் பழுப்பேறிய மையின் கதை இன்னும் மோசம். மஞ்சள் தாளுக்கும் அதற்கும் வெளிச்ச வித்தியாசம் குறைவு, எண்கள் சிறியவை, முழு எண்ணாக்கும்போது முதலில் பூஜ்யமாவது அவைதான். அதாவது கண்ணுக்கு ஏற்கெனவே கஷ்டமாக இருக்கும் எழுத்தைத்தான் சுருக்கமும் முதலில் தின்னும். கொல்லம் 1101 என்பது 1925-26. அதன் கடைசி ஒன்றின் தலையில் ஒரு கறை சேர்ந்து 7 போலத் தெரிந்தால் ஆறு வருடம் தள்ளிப்போய்விடும்.

முத்திரை விழுந்த இடம் தனி. சிவப்பு அல்லது ஊதா மையின் அடியில் கறுப்பு எழுத்து இருந்தால், நிறத்தைப் பிரித்து முத்திரையை மட்டும் மறையச் செய்து அடியில் இருப்பதைப் படித்துவிடலாம். போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ சிவப்புச் சேனலை மட்டும் பார்த்தால் சிவப்பு மை ஏறக்குறையத் தாளோடு கலந்துவிடும். ஆனால் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம் என்று சுருக்கிய படத்தில் முத்திரையின் நிறம் எழுத்துக்குள் கசிந்திருக்கும்; பிரித்தாலும் ஓரம் பிசிறடிக்கும். ஜேபெக்காகத்தான் வேண்டும் என்றால், கிம்ப்பில் ஏற்றுமதி செய்யும்போது நிறச் சுருக்கம் என்ற இடத்தில் 4:4:4 (நிறத்தைச் சுருக்காமல் விடுவது) என்று தேர்ந்தெடுத்துத் தரத்தை 95-ல் வைக்கலாம். போட்டோஷாப்பில் 10-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

மூலப் பிரதிக்கு ஜேபெக்கே வேண்டாம் என்பதுதான் எங்கள் கட்சி. ஸ்கேனரில் அங்குலத்துக்கு 300 புள்ளி, கலரில், டிஃப் அல்லது பிஎன்ஜி. ஏ4 பக்கம் 2480-க்கு 3508 பிக்சல். எந்தச் சுருக்கமும் இல்லாமல் 26 எம்பி. 64 ஜிபி பென்டிரைவில் அப்படியே 2,400 பக்கம் போகும். பிஎன்ஜி ஒரு பிக்சலையும் மாற்றாமல் சுருக்குவதால் இன்னும் கூடுதலாகவே போகும். ஒரு குடும்பத்தின் மொத்தப் பத்திரமும் இதில் கால்வாசிகூட வராது. பழைய ஃபுல்ஸ்கேப் தாள் ஏ4 ஸ்கேனரின் கண்ணாடிக்குள் அடங்காது. மடிக்காமல், மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு தடவையாக, நடுவில் நான்கு வரி இரண்டிலும் வருமாறு எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளை ‘டெக்ஸ்ட் மோடு’ புதிதாக டைப் அடித்த தாளுக்குப் பரவாயில்லை. பென்சில் குறிப்பு, மங்கிய மை, முத்திரை உள்ள தாளில் அதைத் தொடவே கூடாது.

போன்தான் இருக்கிறது என்றாலும் கவலையில்லை. 12 மெகாபிக்சல் கேமராவில் நீளப்பக்கம் 4000 பிக்சல். 13 அங்குலத் தாள் சட்டம் முழுக்க நிறையும்படி எடுத்தால் அங்குலத்துக்கு 300 வந்துவிடுகிறது. ஃபிளாஷ் வேண்டாம், திண்ணையில், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், போனும் தாளும் இணையாக இருக்க வேண்டும். ‘ஸ்கேனர்’ ஆப்களில் தாளை வெளுப்பாக்கும் வடிகட்டியை அணைத்துவிட்டு ‘ஒரிஜினல்’ என்பதில் வைக்க வேண்டும். போன் எழுதும் ஜேபெக் பொதுவாக உயர்ந்த தரத்தில்தான் இருக்கும். அதை மூலமாக வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பில் கைவைக்காமல், வெட்டுவதையும் வெளிச்சம் கூட்டுவதையும் நகலில் செய்தால் சரி.

இனி வாட்ஸ்அப். படமாக அனுப்பினால் வழக்கமான தரத்தில் நீளப்பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலாகக் குறையும். அதே 13 அங்குலத் தாளுக்கு அங்குலத்துக்கு 123 பிக்சல்தான். இரண்டரை மில்லிமீட்டர் உயர எழுத்து ஒன்று மூலத்தில் 30 பிக்சல் உயரம் இருந்தது, இங்கே 12. புள்ளிக்கு ஒன்றோ இரண்டோ. அதற்கு மேல் சுருக்கமும் விழுகிறது. 2023-ல் வந்த எச்டி தேர்வு இதைவிட மேல், ஆனால் அதுவும் சுருக்கம்தான். இணைப்புக் குறியை அழுத்தி ‘டாக்குமென்ட்’ வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பிட்டும் மாறாமல் போகும். 2 ஜிபி வரை இடம் தருகிறார்கள். படமாக அனுப்பினால், எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்களும் கழன்றுவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். குழுவில் கிடக்கும் பழைய படத்தைப் புதுப் போனில் தொட்டுப் பாருங்கள். அனுப்பியவரிடம் மறுபடி கேளுங்கள் என்று வரும். அது கிடங்கு இல்லை, தபால்காரர்.

வந்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும் பழக்கத்தை என்ன சொல்ல. 4000-க்கு 3000 படம், 1080 பிக்சல் அகலத் திரையில் நிமிர்ந்த வாக்கில் 1080-க்கு 810 ஆகத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டில் கிடைப்பது அவ்வளவே: 120 லட்சம் பிக்சலில் ஒன்பது லட்சத்துக்கும் குறைவு.

சுருக்கம் எழுத்தைக் குழப்பும், எண்ணையே மாற்றாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. 2013-ல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர், சில ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது இலக்கங்களை மாற்றிவிடுவதை வெளிப்படுத்தினார். ஒரு கட்டட வரைபடத்தில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்த மூன்று அறைகளும் நகலில் 14.13 என்றே வந்தன. காரணம் ஜேபெக் அல்ல, ஜேபிக்2 என்ற வேறு முறை. ஒரே மாதிரி தெரியும் உருவங்களை ஒருமுறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டும். 6-ம் 8-ம் அதன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால், கறை எதுவும் இல்லாமல் பளிச்சென்று தப்பான எண் அச்சாகும். நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது. ஜேபெக்காவது கெட்டால் கெட்டது என்று முகத்தில் காட்டும். இது அதையும் செய்யாது. பத்திரங்களைப் பிடிஎஃப் ஆக்கும்போது ‘மிகச் சிறிய கோப்பு’ தேர்வை ஒதுக்குங்கள் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஆப்களையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். பூஜ்யமாகிப்போன எண் திரும்ப வர வழியே இல்லை. ஆப் தருவது அங்கே என்ன இருந்திருக்கலாம் என்ற ஊகம். தாத்தா போட்டோவின் கண்ணிமைக்கு அது சரி. எல்லைக் குறிப்புக்கு ஆகாது.

விண்ணப்பங்களில் கேட்கும் 50 கேபி வரம்பு பற்றியும் ஒரு வார்த்தை. சேவை மையங்களில் தினமும் பார்க்கும் கூத்து இது. 12 மெகாபிக்சல் படத்தை அதே அளவில் வைத்துக்கொண்டு, தரத்தை மட்டும் இறக்கி 50 கேபிக்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். 64 பிக்சல் கட்டம் ஒன்றுக்கு இரண்டு பிட்டுக்குச் சற்று மேல்தான் பங்கு வரும். கட்டத்தின் சராசரி நிறத்தைச் சொல்லவே அது பற்றாது. முதலில் பிக்சலைக் குறைக்க வேண்டும். மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் பாஸ்போர்ட் படத்துக்கு அங்குலத்துக்கு 200 என்றால் 276-க்கு 354 பிக்சல் போதும். தரம் 90-ல் வைத்தாலும் பொதுவாக 50 கேபிக்குள் அடங்கும், முகமும் முகமாக இருக்கும்.

பத்திரிகை அச்சுக்கு வாட்ஸ்அப் படம் அவ்வளவு மோசமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நியூஸ்பிரிண்டில் அங்குலத்துக்கு 200 பிக்சல் இருந்தால் போதும் என்று வைத்தால் 1600 பிக்சல் 8 அங்குலத்துக்கு வரும். கூட்டத்தில் நிற்கும் ஒருவரின் முகத்தை மட்டும் வெட்டும்போதுதான் 300 பிக்சல் மிஞ்சி, ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இழுக்க முடியாமல் போகிறது. அதே 1600 பிக்சல் படத்தைப் பத்தடி அகல ஃபிளெக்ஸுக்குக் கொண்டுவந்தால் அங்குலத்துக்கு 13 பிக்சல். 8 பிக்சல் கட்டம் ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமாக, விரல் அகலத்துக்குத் தெரியும். பிரிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. வாசகர் படப் பகுதிக்குக் கீழே ‘வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்’ என்று மட்டும் போடாமல், ‘டாக்குமென்ட்டாக அனுப்பவும், வெட்டாமல் அனுப்பவும், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்’ என்று சேர்த்துப் போடுங்கள். ஐபோன் படம் ஹெய்க் வடிவத்தில் வந்தால் பழைய கணினிகள் திறக்காது. அமைப்புகளில் கேமரா, ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைத்தால் அடுத்த படத்திலிருந்து ஜேபெக்காக வரும். இரண்டாவது, உங்கள் மின்னிதழில் பக்கம் முழுவதையும் ஒரே ஜேபெக்காக்கி ஏற்றுகிறீர்கள். பொடி எழுத்தைச் சுற்றி நாம் மேலே சொன்ன ஈக்கள் அத்தனையும் மொய்க்கின்றன, குறிப்பாக வரி விளம்பரங்களில் போன் எண்கள் மேல். பிடிஎஃப்பில் எழுத்தை எழுத்தாகவே விட்டுப் படங்களை மட்டும் ஜேபெக்காக்கினால் எழுத்து எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

இப்படிக்கு,
ஸ்டுடியோ, டி.டி.பி., ஃபிளெக்ஸ் வேலை செய்வோர் சிலர்,
செங்கோட்டை – புளியரை